ரேம் கூட்டினேன், கணினி எழவில்லை: உப்புக் காற்று ஊர்களுக்கான வழிமுறை

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகுகள் கரையில் வரிசை கட்டும், பழைய கணினிகள் பழுது பார்க்கும் என் மேசையில் வரிசை கட்டும். 61 நாள் வீட்டோடு இருக்கும்போதுதான் மூலையில் துணி மூடிக் கிடக்கிற பெட்டி பலருக்குக் கண்ணில் படுகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்துவிட்டதால், "அண்ணே, ரேமைக் கூட்டி விண்டோஸ் 11 போட்டுத் தாங்க" என்பதுதான் இப்போதைய பாட்டு. இன்னும் சிலர் தாங்களே ரேம் வாங்கிச் செருகிப் பார்த்து, இருந்த டிஸ்பிளேயும் போனபிறகு கைலியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்குகிறார்கள்.

எங்கள் மண்டபம் ஊருக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடித்தாலும் உப்பு, கச்சான் அடித்தாலும் உப்பு. யூடியூபில் ரேம் மாற்றக் கற்றுத்தரும் ஆட்கள் கடல் காணாத ஊரில் உட்கார்ந்து பேசுகிறார்கள். டிஸ்பிளே வரவில்லை என்றதும் அவர்கள் ரேமைச் சந்தேகப்படுவார்கள். நான் ரேம் உட்காரும் இடத்தைச் சந்தேகப்படுவேன். கீழே எழுதியிருப்பது முழுக்க அந்தச் சந்தேகத்திலிருந்து வந்தது. உங்கள் கணினி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கை வைக்கும் முன் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிடுங்கள்.

கழற்றும் முன்

விண்டோஸ் 8, 10-இல் 'ஷட்டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, பாதி நினைவை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும். அந்த நிலையில் ரேமை மாற்றினால், திரும்ப எழும்போது பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒத்துவராமல் முழிக்கும். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணையும்.

பிறகு பவர் கேபிளை உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மானிட்டர் கேபிளையும் உருவச் சொல்வேன். "கேபினட்டைத் தொட்டா சுள்ளுன்னு இருக்குண்ணே" என்று நம் பக்கத்தில் சொல்லாத வீடு குறைவு. எர்த் சரியில்லாத பிளக் பாயிண்ட்டில், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினட்டின் இரும்பில் பாதி மின்னழுத்தம் வரை ஏறி நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு வெறும் சுள் என்கிற உணர்வுதான், ரேம் சிப்புக்கு அப்படி இல்லை. கணினி பிளக்கை உருவியிருந்தாலும், எர்த் இல்லாத இன்னொரு பாயிண்ட்டிலிருந்து மானிட்டர் கேபிள் வழியாக அந்தச் சுள் வந்து சேரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் ரேம் வேலையில் ஒரு பகுதிதான்.

எல்லாம் உருவியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் தேங்கிய மின்சாரம் வடியும். மடிக்கணினி என்றால் பேட்டரியையும் பிரித்துவிடுங்கள். உள்ளே பதித்த பேட்டரியாக இருந்தால் அதன் கனெக்டரை முதலில் கழற்றுங்கள். ரேமை ஓரங்களில் பிடியுங்கள், பொன்னிறப் பற்களில் விரல் படக் கூடாது. வியர்வையும் உப்புதானே.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்பிளே இல்லை

அதிகம் வருவது இதுதான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான்.

கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்) கொண்டுவந்த பெட்டியைச் சொல்கிறேன். "தம்பி, போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு. பேரன் புது ரேம் வாங்கிப் போட்டான், அப்படியே படுத்திருச்சு. புது ரேம் கெட்டதுன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்." புது ரேமை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டாலும் எழவில்லை. அப்படியென்றால் புது ரேம் மேல் குற்றம் சொல்ல முடியாது. திறந்து டார்ச் அடித்தேன். இத்தனை வருடம் காலியாகக் கிடந்த இரண்டாவது ரேம் ஸ்லாட்டுக்குள் பச்சை பூத்திருந்தது, செம்புக் குடத்தில் பூக்குமே அதே பச்சை. பழைய ரேம் ஸ்டிக் தன் ஸ்லாட்டில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்ததால், அதன் பற்களும் ஸ்லாட்டின் பற்களும் ஒட்டியிருந்த சிறு புள்ளி மட்டும் சுத்தமாகத் தப்பித்திருந்தது. பேரன் அதைக் கழற்றி மாட்டியபோது அந்தப் புள்ளி விலகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. காக்கா கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சமாதானம் பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

ஏன் இங்கே இப்படி? ரேமின் பல் செம்பு. அதன்மேல் நிக்கல், அதன்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீராகும். கடல் காற்றில் வருவது வெறும் சோடியம் குளோரைடு அல்ல, மெக்னீசியம் குளோரைடும் கலந்தது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். அதாவது ஒருமுறை உள்ளே படிந்த கடலுப்பு, நம் ஊரில் கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. அந்த ஈரம் துளை வழியாகச் செம்பைத் தொடுகிறது.

இனி செய்யவேண்டியது. எல்லா ரேமையும் கழற்றுங்கள். பஞ்சு உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பற்களை மேலிருந்து கீழாக ஒரே திசையில் துடையுங்கள். துணியில் கறுப்போ பச்சையோ இறங்கும். அது போதவில்லை என்றால் மட்டும் ரப்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மெத்தென்ற வெள்ளை ரப்பர், மெதுவாக, நாலைந்து இழுப்பு. பேனா மை அழிக்கும் நீல ரப்பரும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். ரேம் அன்றைக்கு எழும், ஆனால் தங்கம் போயிருக்கும், அடுத்த வாடைக் காலத்துக்குள் மறுபடி பச்சை. மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலப்பு அதிகம். வேறு வழியே இல்லாமல் அதைத் தொட்டால் அரைநாள் காயவிடுங்கள். சானிடைசர் தொடாதீர்கள், அதில் உள்ள கிளிசரின் பிசுக்காக நிற்கும்.

ஸ்டிக்கைத் துடைத்து ஸ்லாட்டை விட்டுவிட்டால் பாதி வேலைதான். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஸ்லாட்டின் தூசியைத் தட்டிவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை லேசாக அடித்து, சுத்தம் செய்த ஸ்டிக்கை ஏழெட்டு முறை செருகி எடுங்கள். பல்லோடு பல் உரசி அழுக்கை அதுவே கொண்டுவரும். எடுக்கும் ஒவ்வொரு முறையும் பற்களைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள துரு நீக்கி ஸ்பிரேயைப் படகு எஞ்சினோடு வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் அது தூசியைப் பிடித்து அடை கட்டும்.

கால் மணி நேரம் காயவிட்டு, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் போடுங்கள், பழையதை. மேசைக் கணினியில் இரண்டு முனைக் கொக்கியும் 'டக்' என்று மூடவேண்டும். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் அரைகுறையாக நின்றால் டிஸ்பிளே வராது. மடிக்கணினியில் சாய்வாக நுழைத்து, பின் கீழே அமுக்கினால் கொக்கிகள் பிடிக்கும். எழவில்லையா, அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டில் போடுங்கள். பிறகு புது ஸ்டிக், முதல் ஸ்லாட். பிறகு அதே ஸ்டிக், இரண்டாம் ஸ்லாட். ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டே போங்கள். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட் மட்டும் படுக்கிறது என்றால் ஸ்லாட். எந்த ஸ்லாட்டிலும் ஒரே ஸ்டிக் படுக்கிறது என்றால் ஸ்டிக். நாலு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் ரேம் வாங்கியவர்களிடம்தான் நான் செகண்ட் ஹேண்டில் ரேம் வாங்குகிறேன்.

ஸ்லாட்டைச் சுத்தம் செய்தும் ஒன்று மட்டும் பிடிவாதமாகப் படுத்தால், பிராசசர் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் மேசைக் கணினிகளில் முள் சாக்கெட்டில்தான் இருக்கும். ரேமோடு பேசும் முள்ளில் ஒன்று வளைந்தாலும், உப்புப் பூத்தாலும் ஒரு பக்கத்து ஸ்லாட்கள் மொத்தமாகக் காணாமல் போகும். அங்கே கை பழகாதவர்கள் ஊசி நீட்ட வேண்டாம்.

கடைசியாக, மதர்போர்டில் காசு போல இருக்கும் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள், பயாஸ் என்ற போர்டின் அடிப்படை மென்பொருள் பழைய ரேமின் கணக்கை மறக்கும். தேதி ஒவ்வொரு முறையும் பின்னுக்கு ஓடுகிற கணினி என்றால் புதுப் பேட்டரியே போட்டுவிடுங்கள். டிடிஆர்4 பலகைகளில் ரேம் மாற்றியபின் முதல் முறை ஒரு நிமிடம் வரைகூடக் கறுப்புத் திரை நிற்கலாம், தானே ஓரிருமுறை அணைந்து எழலாம். பதறிப் பட்டனை அமுக்காமல் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பீப் பீப் என்று கத்துகிறது

நல்ல செய்தி. கத்துகிற கணினிக்கு உயிர் இருக்கிறது என்று பொருள். அவார்டு பயாஸ் என்றால் நீண்ட பீப் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் ரேம் கிடைக்கவில்லை என்பது. அமி பயாஸில் மூன்று பீப் ரேமைக் குறிக்கும். ஒரு நீளம், பிறகு இரண்டு குட்டை என்றால் அது கிராஃபிக்ஸ் பக்கம், ரேமைத் திட்டாதீர்கள். மடிக்கணினிகளில் சில கத்தாமல் கேப்ஸ் லாக் விளக்கைச் சிமிட்டும். எத்தனை சிமிட்டல் என்று எண்ணி அந்த மாடலின் கையேட்டில் பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கத்தாத கணினியைக் கத்த வைப்பதும் ஒரு சோதனை. பல கேபினட்டில் குட்டி ஸ்பீக்கரே இருக்காது. ஒன்று வாங்கி மதர்போர்டில் மாட்டி, ரேம் எதுவுமே இல்லாமல் பவர் கொடுங்கள். கத்தினால் போர்டும் பிராசசரும் நலம், சிக்கல் ரேமிலும் ஸ்லாட்டிலும் மட்டும். ரேமே இல்லாதபோதும் மௌனம் என்றால் எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசசர் என்று வேறு வழியில் போகவேண்டும். ஒரு காசு ரேமுக்குச் செலவழிக்காதீர்கள்.

ஸ்டிக் ஸ்லாட்டுக்குள் போகவே மாட்டேன் என்கிறது

அமுக்காதீர்கள். ரேமின் தலைமுறை மாறியிருக்கிறது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் மேசைக் கணினி ஸ்டிக்கில் 240 பல்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-இல் 288 பல். மடிக்கணினியில் முறையே 200, 204, 260. வோல்ட்டும் வேறு: 1.8, 1.5, 1.2. வெட்டு பொருந்தவில்லை என்றால் அது தவறான ரேம், அவ்வளவே. பழைய ஸ்டிக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவதுதான் ராமநாதபுரமானாலும் மதுரையானாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும் நல்லது.

2 ஜிபி ஸ்டிக்கை எடுக்கிறது, 4 ஜிபி ஸ்டிக்கை எடுக்கவில்லை

இதில் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு ஜி41 சிப்செட் (போர்டில் ரேம் முதலானவற்றை இணைக்கும் சிப்) உள்ள போர்டுகளுக்காகப் பத்து 4 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் மொத்தமாக வாங்கினேன். வெட்டு பொருந்தியது, வேகம் பொருந்தியது, ஒன்றும் எழவில்லை. பத்தும் நல்ல ஸ்டிக்தான். ஜி41-க்கு அடர்த்தியான புது சிப் தெரியாது. 4 ஜிபி-யை 16 சிப்பில் பரப்பிய பழைய வகை ஸ்டிக் மட்டும்தான் அதற்குப் புரியும். நான் வாங்கியதில் ஒரு பக்கம் மட்டும் 8 சிப். லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் 16 சிப், 1ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் 8 சிப். கடையில் "16 சிப் ரேம் இருக்கா" என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். விற்றவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்தையும் எச்61 போர்டுகளில் ஒவ்வொன்றாகக் கரைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

சிப்செட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 945ஜி, ஜி31 இரண்டும் 4 ஜிபி-யோடு சரி. ஜி41 8 வரை. எச்61 16 வரை. 945ஜி போர்டுக்கு 8 ஜிபி கேட்டு வருகிறவருக்கு அந்தக் காசை வேறு கணினிக்குச் சேர்த்து வைக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

டிடிஆர்2-வில் ஒரு கண்ணி இருக்கிறது. இணையத்தில் 4 ஜிபி டிடிஆர்2 ஸ்டிக் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஏஎம்டி போர்டில் மட்டும் ஓடுபவை. சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். இன்டெல் போர்டில் போட்டால் கறுப்புத் திரைதான்.

மடிக்கணினியில் நான்காம் தலைமுறை இன்டெல் முதல் பார்க்கவேண்டியது வோல்ட். அவற்றுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும், லேபிளில் பிசி3எல் என்று இருக்கும். 1.5 வோல்ட் மட்டும் தாங்கும் சாதா டிடிஆர்3 போட்டால் எழாது. மாறாக, டிடிஆர்3எல் ஸ்டிக் பழைய 1.5 வோல்ட் மடிக்கணினியிலும் ஓடும். அதனால் சந்தேகம் இருந்தால் எல் போட்டதையே வாங்குங்கள். 1600 வேகமும் 1333 வேகமும் ஜோடி சேர்ந்தால் இரண்டும் 1333-இல் ஓடும், அது கோளாறு இல்லை.

போட்டது 4, காட்டுவது 3.2. அல்லது 2

டிஸ்பிளே வந்தாயிற்று. இனி உப்பின் மேல் பழி போடாமல் விண்டோஸைப் பாருங்கள். மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் 32-பிட்டா 64-பிட்டா என்று தெரியும். 32-பிட் விண்டோஸின் கைக்கு மொத்தம் 4 ஜிபி முகவரிதான் எட்டும். அதிலும் கிராஃபிக்ஸ் முதலான கருவிகளுக்கு ஒதுக்கியது போக 3 சொச்சம் மிஞ்சும். 8 ஜிபி போட்டாலும் அதே 3 சொச்சம். 64-பிட்டுக்கு மாறுவதற்குப் புதுப்பித்தல் வழி கிடையாது, ஃபார்மட் அடித்துப் புதிதாகத்தான் போடவேண்டும். படங்களையும் கணக்குகளையும் முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

மிகச் சரியாக 2 என்று காட்டினால்? 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி நம் கரையோர வீடுகளில் நிறைய. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் இருந்தன. ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபி-க்கு மேல் தொடாது, அப்படித்தான் அதைச் செய்தார்கள். "தம்பி, அக்கா படிச்ச லேப்டாப், இப்ப தங்கச்சிக்கு வேணும், ரேம் போட்டும் 2-தான் காட்டுது" என்று உச்சிப்புளி அம்மா ஒருவர் கொண்டுவந்தார். ரேம் நன்றாக இருந்தது. ஸ்டார்ட்டரை எடுத்ததும் முழு 4-உம் தெரிந்தது.

64-பிட்டாக இருந்தும் 8-இல் பாதி காணவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஹார்டுவேர் ரிசர்வ்டு' என்ற இடத்தில் நூறு இருநூறு எம்பி இருந்தால் இயல்பு. 4 ஜிபி என்று இருந்தால், ஸ்டிக் இருப்பது தெரிகிறது, அதோடு பேச முடியவில்லை என்று அர்த்தம். மறுபடி 'ஃபேன் சுற்றுகிறது' தலைப்புக்குப் போய்ப் பல்லைத் துடையுங்கள். துடைத்தும் அப்படியே என்றால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் மெமரி' டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். வேகம் கூட்டும் வித்தை என்று யாரோ சொன்னதைக் கேட்டு டிக் செய்து வைத்திருப்பார்கள். எடுத்துவிடுங்கள். பழைய போர்டுகளின் பயாஸில் மெமரி ரீமேப் என்று ஒன்று இருக்கும், அதை இயக்குங்கள்.

8 ஜிபி ஆக்கியும் விண்டோஸ் 11 "இந்தக் கணினியில் இயங்காது" என்கிறது

ரேமுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் ரேம் வெறும் 4 ஜிபி. அது தடுப்பது வேறு மூன்றால்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட், பிராசசரின் வயது. இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். தலைமுறையைக் கண்டுபிடிக்கக் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-3470 மூன்றாம் தலைமுறை, ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. இதை ரேம் வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னால் எதிரில் நிற்பவர் முகம் வாடும். அதனால்தான் இப்போது கடை வாசலிலேயே முதலில் இந்த எண்ணைக் கேட்கிறேன்.

8-ஆம் தலைமுறையாக இருந்தும் மறுத்தால் பயாஸுக்குள் போங்கள். டிபிஎம் அணைந்தே கிடக்கும். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 10-ஐப் பழைய லெகசி முறையில் போட்டிருந்தால் செக்யூர் பூட் இயங்காது. விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி டிஸ்கை அழிக்காமலே மாற்றித் தரும், ஆனாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

அதற்கு முந்தைய பிராசசர் என்றால், தடையைச் சுற்றிக்கொண்டு ஏற்றும் குறுக்கு வழி இருக்கிறது. நான் செய்து தருவதில்லை. புதுப்பிப்புகள் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுண்ட் என்ற கட்டளை தெரியாத பிராசசரில் விண்டோஸ் எழுவதே இல்லை. கோர் 2 டியோ அந்த வரிசையில் அடிபட்டது. ஆதார், வங்கி வேலை பார்க்கும் கணினியைக் குறுக்கு வழியில் நிறுத்தி வைத்து, ஒரு நாள் அது எழாவிட்டால் ஊரே வாசலில் நிற்கும்.

இருக்கும் வழி இரண்டு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்தால், நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 2 ஜிபி-யிலேயே நிற்கும், 4 ஜிபி-யில் நடக்கும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். படிக்கிற பிள்ளைகளின் கணினிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் போடுகிறேன். இ-சேவை வேலைக்குக் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும், அந்தக் கருவியின் டிரைவர் லினக்ஸில் ஓடுமா என்று விற்றவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஓஎஸ் ஏறும்போது பாதியில் நிற்கிறது, அல்லது ஏறியபின் நீலத்திரை

ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதவீதத்தில் நின்றால் ரேமைச் சந்தேகியுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் பென்டிரைவை மறுபடி தயார் செய்யுங்கள். நீலத்திரையில் மெமரி மேனேஜ்மென்ட் என்றோ பேஜ் ஃபால்ட் என்றோ வந்தால் ரேம் முதல் குற்றவாளி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. அது மேலோட்டமாகப் பார்ப்பது. மெம்டெஸ்ட்86 பிளஸை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்றே ஒன்று வந்தாலும் தேறவில்லை என்றுதான் கணக்கு, ஒரு பிழைதானே என்று விடாதீர்கள். பிறகு ஸ்டிக்குகளைத் தனித்தனியாக ஓட்டி எது என்று பிடியுங்கள். இரண்டும் தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால் ஜோடிப் பொருத்தம் இல்லை. பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

பகலில் நீலத்திரை, இரவு பதினோரு மணிக்கு மேல் நலம் என்று ஒரு கணினி என்னை மூன்று நாள் அலைக்கழித்தது. பக்கத்தில் ஐஸ் ஃபேக்டரி. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் டியூப்லைட் மங்கியது. பழைய எஸ்எம்பிஎஸ் அந்தச் சரிவைத் தாங்கவில்லை. எஸ்எம்பிஎஸ் மாற்றினோம், ரேமைத் தொடவில்லை.

எல்லாம் சரி, ஆனாலும் ஆமை

டாஸ்க் மேனேஜரில் மெமரி 40 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றால் ரேம் தன் வேலையைச் செய்துவிட்டது. சுழலும் ஹார்டுடிஸ்க்தான் இழுக்கிறது. அதற்குப் பதில் சுழலாத சிப் டிஸ்கான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், 4 ஜிபி ஏற்கெனவே உள்ள கணினிக்கு எஸ்எஸ்டி முதலில், ரேம் பிறகு. 2 ஜிபி என்றால் ரேம் முதலில்.

நன்றாக ஓடியது, ஐப்பசி பிறந்ததும் மறுபடி டிஸ்பிளே இல்லை

சுத்தம் செய்தது வீண் என்று நினைக்காதீர்கள், கணினியை வைத்த இடம் மாறவில்லை. கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, தரையில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை அதே இடத்தில் வைத்தால் வடகிழக்குப் பருவமழையில் அதேதான் நடக்கும். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். மழை நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அதன் சூடே அதை உலர்த்தும். ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த மடிக்கணினியை உடனே ஆன் செய்யாதீர்கள், குளிர்ந்த சோடா பாட்டிலைப் போல வியர்க்கும். அரைமணி நேரம் பையிலேயே இருக்கட்டும்.

காலியாக உள்ள ரேம் ஸ்லாட்டின் மேல் பேப்பர் டேப் ஒன்று ஒட்டுங்கள். கேபினட் மூடியின் உட்புறம் ஒரு தாளில் சுத்தம் செய்த தேதி, எந்த ஸ்லாட்டில் எந்த ஸ்டிக், மெம்டெஸ்ட் தேறியதா என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த தடைக்காலத்தில் அதைத் திறக்கப்போவது நானாகவும் இருக்கலாம், உங்கள் பேரனாகவும் இருக்கலாம்.